அடைப்பு எடுத்த பிறகும் ஆறாத புண்

மாரடைப்பு வந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டுவிட்டு நிம்மதியாகத் திரும்பும் வாக்கியம் ஒன்று உண்டு: “ஆஞ்சியோ பண்ணி அடைப்பை எடுத்துட்டாங்க, ஸ்டென்ட் வெச்சாச்சு, இனிமே ஒண்ணும் பயமில்லை.” பிள்ளைகள் சொல்கிறார்கள், உறவினர்கள் சொல்கிறார்கள், அவசரத்தில் மருத்துவர்களும் சொல்லிவிடுகிறார்கள். பத்திரிகைகளின் மருத்துவப் பக்கங்களும் இதையே படம் போட்டு விளக்குகின்றன. இதயம் ஒரு பம்ப், தமனி ஒரு பைப், பைப்பில் அடைப்பு, அடைப்பை எடுத்தால் பம்ப் ஓடும். இந்தக் கருத்தில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைச் சொல்லாமல் விடுவதால் பிழைத்திருக்க வேண்டியவர்கள் சாகிறார்கள். அதை எடுத்துச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில் அந்தப் பாதி உண்மைக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். 1977 செப்டம்பரில் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருண்ட்சிக் என்ற மருத்துவர், ஒரு நோயாளியின் இதயத் தமனிக்குள் சிறு பலூனைச் செலுத்தி விரித்துக் காட்டினார். 1986-இல் திறந்த இடத்தைத் தாங்கிப் பிடிக்க ஸ்டென்ட் வந்தது. மாரடைப்புச் சாவுகள் குறைந்ததில், அடைப்பைச் சில மணி நேரத்துக்குள் திறக்கும் மருத்துவத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. தமிழ்நாட்டில் சிறு மருத்துவமனைகளையும் ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸால் இணைத்து ஒரு திட்டத்தை நடத்திப் பார்த்தார்கள். 2,420 நோயாளிகளைப் பின்தொடர்ந்த அந்த ஆய்வு 2017-இல் வெளியானது. ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தது. நெஞ்சு வலித்தால் வாயு என்று சொல்லி சோடா குடித்துக்கொண்டிருக்காமல் உடனே ஓட வேண்டும் என்பதில் எனக்கு எந்த மாறுபாடும் இல்லை.

ஆனால் அந்த 14.2 சதவீதத்தையும் பார்க்க வேண்டும். அக்கறையோடு நடத்தப்பட்ட ஒரு திட்டத்திலும் ஏழு பேரில் ஒருவர் ஓராண்டுக்குள் போய்விட்டார். பிழைத்தவர்களிலும் ஒரு பகுதியினர் சில மாதங்களிலோ சில வருடங்களிலோ திரும்பி வருகிறார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சாயங்காலமானால் கால் வீங்குகிறது. ராத்திரி தலையணையை உயர்த்தி வைக்காமல் படுக்க முடியவில்லை. எக்கோ எடுத்தால் பம்பிங் முப்பது சதவீதம்தான் என்கிறார்கள். இதுதான் இதயச் செயலிழப்பு. இதயம் நின்றுபோவது என்று பலர் இதைத் தவறாக நினைக்கிறார்கள். இதயம் நிற்பதில்லை, உடம்புக்கு வேண்டிய ரத்தத்தைத் தள்ள முடியாமல் நாளுக்கு நாள் தளர்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்து மருத்துவமனைகளில் 2013-இல் இதயச் செயலிழப்புடன் சேர்ந்த 1,205 பேரைப் பதிவுசெய்து பின்தொடர்ந்தார்கள். சராசரி வயது 61. நூற்றுக்கு 72 பேருக்கு மூல காரணம் இதயத் தமனி நோய். மூன்றே ஆண்டுகளில் நூற்றுக்குச் சுமார் 45 பேர் இறந்திருந்தார்கள்.

பைப் கட்சியினரிடம் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது, மிச்சத் தசை கூடுதல் பாரம் சுமக்கிறது, ஆகவே தளர்கிறது. இன்னும் முழுசாகத் திறந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இதைச் சோதித்தும் பார்த்தாகிவிட்டது. மாரடைப்பு வந்து 3 முதல் 28 நாட்கள் கழிந்தும் தமனி முழுதாக அடைத்தபடியே இருந்த 2,166 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அடைப்பைத் திறந்தார்கள். மறு பாதிக்கு மருந்து மட்டும் கொடுத்தார்கள். 2006-இல் முடிவு வந்தது. சாவிலோ, மறு மாரடைப்பிலோ, கடுமையான இதயச் செயலிழப்பிலோ திறந்தவர்களுக்கு எந்த ஆதாயமும் இல்லை. 2022-இல் பிரிட்டனிலிருந்து இன்னொரு முடிவு வந்தது. தமனி நோயால் பம்பிங் 35 சதவீதமோ அதற்கும் கீழோ போய்விட்ட 700 பேரில் ஒரு பாதிக்கு நல்ல மருந்துகளோடு ஸ்டென்ட்டும் வைத்தார்கள். மறு பாதிக்கு மருந்து மட்டும். இறந்தவர்களும் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் ஸ்டென்ட் வைத்தவர்களில் 37.2 சதவீதம், வைக்காதவர்களில் 38 சதவீதம். பம்பிங்கும் இரு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தது.

பைபாஸ் அறுவைச் சிகிச்சையைக் கேட்பீர்கள். உண்மைதான், அதே மாதிரி தளர்ந்த இதயமுள்ள 1,212 பேரில் நடந்த ஆய்வில், பைபாஸ் செய்தவர்களிடையே பத்தாண்டுச் சாவு 66.1 சதவீதத்திலிருந்து 58.9 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் அந்த ஆயுள் நீட்டிப்பு, இதயத்தின் பம்பிங் கூடியதால் வந்ததாகத் தெரியவில்லை. முதல் சில மணி நேரத்தில் அடைப்பைத் திறப்பது தசையைக் காக்கிறது. அந்த நேரம் கடந்த பிறகு, தளர்ந்துவிட்ட இதயத்தின் விதியைத் தமனி மட்டும் தீர்மானிப்பதில்லை. அப்படியானால் வேறு எது?

மாரடைப்பு என்பது ஒரு காயம். நம் இதயத்தின் இடது கீழறையில் 200 முதல் 400 கோடி தசைச் செல்கள் இருக்கின்றன. பெரிய மாரடைப்பு ஒன்றில் சில மணி நேரத்துக்குள் 100 கோடி வரை செத்துப்போகும். தோலில் வெட்டுப்பட்டால் புதுத் தோல் வளரும். இதயத்தில் அது நடப்பதில்லை. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14-ஐ அளவுகோலாக வைத்து ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2009-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள்: 25 வயதில் ஆண்டுக்கு 1 சதவீத இதயத் தசைச் செல்கள்தான் புதிதாகின்றன; 75 வயதில் அது 0.45 சதவீதம். ஆகவே செத்த இடத்தில் தசை திரும்பாது. தழும்புதான் விழும். அந்தத் தழும்பு உறுதியாக விழுகிறதா, மெலிந்து பலூன்போல் உப்புகிறதா, பக்கத்து நல்ல தசைக்குள்ளும் நார் பரவுகிறதா என்பதில்தான் அந்த மனிதரின் மீதி வாழ்க்கை அடங்கியிருக்கிறது. இதைப் பெருமளவு நடத்துவது நோய் எதிர்ப்பு மண்டலம்.

கிருமியே இல்லாத இடத்தில் அதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். செத்த செல்கள் உடையும்போது அவற்றின் உள்ளே இருந்த பொருட்கள் வெளியே கொட்டுகின்றன. அவற்றில் மைட்டோகாண்ட்ரியாவின் சிதறல்களும் உண்டு. மைட்டோகாண்ட்ரியா ஆதியில் ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்தது. அதன் டிஎன்ஏ இன்றும் பாக்டீரியாவின் சாயலில் இருக்கிறது. உடம்பின் காவல் உணரிகள் அதைக் கண்டதும் படையெடுப்பு நடந்ததுபோல் எழுந்துவிடுகின்றன. சில மணி நேரத்துக்குள் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் வந்து குவிகின்றன. செத்த தசையைக் கரைக்கும் நொதிகளைக் கொட்டுகின்றன. பக்கத்தில் உயிரோடு இருக்கும் தசையும் அதில் கொஞ்சம் அடிபடுகிறது. அடுத்து மோனோசைட்டுகள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்கள் வருகின்றன. எலிகளில் 2007-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் காட்டியபடி இவை இரண்டு அலையாக வருகின்றன. முதல் நாட்களில் வருபவை குப்பையைத் தின்று அகற்றும் முரட்டு ரகம். பிறகு வருபவை புது ரத்த நாளங்களையும் கொலாஜன் நாரையும் வளர்க்கத் தூண்டும் சாந்த ரகம். முதல் அலையைத் தடுத்தபோது சிதைவுகள் அப்படியே கிடந்தன. இரண்டாம் அலையைத் தடுத்தபோது தழும்பு கெட்டிப்படவில்லை.

பழைய சுவரை இடிக்க வந்த ஆட்கள் இடித்துக் குப்பையை அள்ளினால்தான் கொத்தனார் வேலையைத் தொடங்க முடியும். இடித்து முடித்த பிறகும் அவர்கள் கடப்பாரையோடு அங்கேயே நின்றால் புதுச் சுவர் எழும்பாது. இதயத்தில் இந்தக் கைமாற்றம் நடக்கும் விதமும் தெரிந்திருக்கிறது. வேலை முடிந்த நியூட்ரோஃபில்கள் தாமாகச் சாகின்றன. மேக்ரோஃபேஜ் எனப்படும் பெருவிழுங்கிகள் அவற்றை விழுங்குகின்றன. அப்படி விழுங்குவதே பெருவிழுங்கியின் குணத்தை மாற்றி, ஆற்றும் வேலைக்குத் திருப்புகிறது. எலிகளில் நியூட்ரோஃபில்களை அடியோடு நீக்கிப் பார்த்த 2017-ஆம் ஆண்டு ஆய்வில் இதயம் தேறவில்லை, இன்னும் மோசமானது. முரடர்கள் என்று நாம் நினைத்தவர்களும் ஆறுவதற்குத் தேவைப்படுகிறார்கள்.

என் வாதத்துக்கு அடித்தளமான சான்று மண்ணீரலிலிருந்து கிடைக்கிறது. 2009-இல் பாஸ்டன் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள், எலியின் மண்ணீரலில் மோனோசைட்டுகள் பெரும் இருப்பாகக் காத்திருப்பதையும், மாரடைப்பு வந்தவுடன் அவை இதயத்துக்குக் கிளம்புவதையும் கண்டார்கள். மண்ணீரலை எடுத்துவிட்ட எலிகளில் இதயக் காயம் சரியாக ஆறவில்லை. 2014-இல் அலபாமா ஆய்வாளர்கள் நாள்பட்ட கட்டத்தைப் பார்த்தார்கள். மாரடைப்புக்குப் பல வாரங்கள் கழித்து, இதயம் ஏற்கெனவே தளர்ந்துவிட்ட எலிகளில் மண்ணீரலை எடுத்தார்கள். இதயத்தின் வீக்கமும் அழற்சியும் பின்வாங்கின. பிறகு தளர்ந்த இதயமுள்ள எலியின் மண்ணீரல் செல்களை எடுத்து, அடைப்பே இல்லாத ஆரோக்கியமான எலிகளுக்குச் செலுத்தினார்கள். அந்தச் செல்கள் இதயத்தைத் தேடிப் போய்ச் சேர்ந்தன. நல்ல இதயம் நாளடைவில் விரிந்து, நார் படிந்து, தளர்ந்தது. அந்த எலிகளின் தமனிகள் திறந்தே இருந்தன. செத்த தசை அங்கே இல்லை. நோயைக் கொண்டுபோனவை நோய் எதிர்ப்புச் செல்கள்தாம்.

நோய் எதிர்ப்புப் படையின் இன்னொரு பிரிவான டி செல்களிலும் இதே கதைதான். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் 2012-இல் காட்டினார்கள்: ஒரு வகை டி செல்கள் இல்லாத எலிகளில் மாரடைப்புக் காயம் ஒழுங்காக ஆறுவதில்லை. 2017-இல் வந்த ஆய்வில், அதே வகை டி செல்களை நாள்பட்ட கட்டத்தில் குறைத்தபோது இதயம் மேலும் விரிவது நின்றது. முதல் வாரத்தில் துணையாக இருந்தவை இரண்டாம் மாதத்தில் பகையாகின்றன. ஆறும் வேலைக்காக எழுந்த படை, வேலை முடிந்தும் கலையாமல் இருப்பதுதான் மாரடைப்புக்குப் பின் வரும் இதயச் செயலிழப்பின் பெரிய காரணங்களில் ஒன்று என்கிறேன்.

“எலியை வைத்து மனிதனுக்குத் தீர்ப்புச் சொல்லலாமா?” என்பது முதல் எதிர்க்கேள்வி. நல்ல கேள்வி, மனிதர்களிடமே பதில் தேடுவோம். மாரடைப்பு வந்து அடைப்பு வெற்றிகரமாகத் திறக்கப்பட்டு, பிறகும் இதயம் தளர்ந்துபோன 200 பேரை ஃபிராங்க்ஃபர்ட் ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். வயதாக ஆக எலும்பு மஜ்ஜையில் சில ரத்த மூலச் செல்களில் மரபணு மாற்றம் ஏற்பட்டு அந்த வம்சம் பெருகுவதுண்டு. அப்படிப்பட்ட மாற்றம் இருந்தவர்கள் அதிகம் இறந்தார்கள், அதிகம் மருத்துவமனைக்குத் திரும்பினார்கள். எல்லாருக்கும் பைப் திறந்தாகிவிட்டது. வேறுபடுத்தியது அவர்களுடைய வெள்ளையணுக்கள் பிறக்கும் இடம். அதற்கு முன்பே, 2017-இல், மாரடைப்பு கண்டவர்களில் அழற்சி அளவு கூடியிருந்த 10,061 பேரில் கேனகினுமேப் என்ற மருந்தைச் சோதித்திருந்தார்கள். அது கொழுப்பைத் தொடவில்லை, ரத்தத்தை இளக்கவில்லை. இன்டர்லூகின்-1 பீட்டா என்ற ஒரே ஒரு அழற்சிச் சமிக்ஞையை மட்டும் அடைத்தது. நடுத்தர அளவு கொடுக்கப்பட்டவர்களில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய்ச் சாவு ஆகியவை சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. பின்னர் அலசியபோது, மருந்தின் அளவு கூடக்கூட இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதும் குறைந்திருந்தது தெரிந்தது. பைப்பை மட்டும் நம்புகிறவர்கள் இந்த முடிவை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

உடனே எதிர்த் திசையில் ஓடுகிறவர்களும் உண்டு. அழற்சிதான் எதிரி என்றால் அதை அடியோடு அடக்கிவிட்டால் போயிற்று என்கிறார்கள். இவர்களையும் மறுக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த வழியில் போய் மருத்துவம் பல முறை அடிபட்டிருக்கிறது. 1970-களில் மாரடைப்பு நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தார்கள். பல தவணை கொடுத்தவர்களுக்குக் காயம் பெரிதானதாக 1976-இல் ஓர் ஆய்வு எச்சரித்தது. பிற்காலத்தில் எல்லா ஆய்வுகளையும் சேர்த்து அலசியபோது அவ்வளவு பெரிய கேடு உறுதிப்படவில்லை என்றாலும், ஸ்டீராய்டு கொடுக்கும் வழக்கம் போய்விட்டது. 1990-இல் கடும் இதயச் செயலிழப்பு உள்ளவர்களின் ரத்தத்தில் டிஎன்எஃப் என்ற அழற்சிப் பொருள் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். அதை அடக்கும் மருந்துகளைக் கொடுத்தால் குணமாகும் என்று நம்பினார்கள். எட்டனர்செப்ட் பயன் தரவில்லை. இன்ஃப்ளிக்ஸிமேப் கூடிய அளவில் சாவையும் மருத்துவமனைச் சேர்க்கையையும் அதிகமாக்கியது என்று 2003-இல் தெரிந்தது. கேனகினுமேப் எடுத்தவர்களிலும் கிருமித் தொற்றால் சாவது கூடியது. 2018-இல் மெத்தோட்ரெக்சேட் என்ற இன்னொரு அழற்சி எதிர்ப்பு மருந்தும் தோற்றது.

இந்தத் தோல்விகளைக் காட்டித்தான் பைப் கட்சி தன் வலுவான வாதத்தை வைக்கிறது: “உங்கள் கொள்கை உண்மையென்றால் மருந்து ஏன் வேலை செய்யவில்லை?” கொல்ச்சிசினைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். மூட்டு வீங்கி வலிக்கும் கவுட் நோய்க்குப் பழங்காலத்திலிருந்து கொடுத்துவரும் மருந்து அது. நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் இருக்கிறது; கரூர், திண்டுக்கல், திருப்பூர்ப் பக்கங்களில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் அதைப் பயிரிடுகிறவர்கள் அந்த விதையைத்தான் மருந்து நிறுவனங்களுக்கு விற்கிறார்கள். 2019-இல், மாரடைப்பு வந்து 30 நாட்களுக்குள் இருந்த 4,745 பேரில் அரை மில்லிகிராம் கொல்ச்சிசின் இதயப் பாதிப்புகளை 23 சதவீதம் குறைத்தது. 2020-இல், நாள்பட்ட தமனி நோயுள்ள 5,522 பேரில் 31 சதவீதம் குறைத்தது. 2024-இல் 7,062 மாரடைப்பு நோயாளிகளில் சோதித்தபோது எந்தப் பலனும் தெரியவில்லை. “பார்த்தீர்களா?” என்கிறார்கள்.

பார்த்தேன். அந்தத் தோல்வியை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அது எதைப் பொய்யாக்கியது? மாரடைப்பு வந்த எல்லாருக்கும், அவரவர் அழற்சி நிலையை அளந்து பார்க்காமல், ஒரே மருந்தை ஒரே அளவில் மாதக்கணக்கில் கொடுத்தால் போதும் என்ற நம்பிக்கையைத்தான் பொய்யாக்கியது. நோய் எதிர்ப்பு மண்டலம் இதயத்தில் வேலை செய்யவில்லை என்று அது காட்டவில்லை. கேனகினுமேப் ஆய்வில் அழற்சி கூடியவர்களை மட்டும் பொறுக்கி எடுத்திருந்தார்கள், வென்றார்கள். மெத்தோட்ரெக்சேட் ஆய்வில் அப்படிப் பொறுக்கவில்லை, அந்த மருந்து அழற்சி அளவுகளைக் குறைக்கவும் இல்லை. மண்ணீரல் சோதனைகள் முன்கூட்டியே சொன்னதும் இதுதான்: ஒரே செல் ஒரு வாரத்தில் ஆற்றுகிறது, இன்னொரு மாதத்தில் அரிக்கிறது. நாளைப் பார்க்காமல் அடக்கினால் நன்மையும் தீமையும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு பூஜ்யம் வருவதில் என்ன வியப்பு? ரத்த அழுத்தத்தை அளக்காமலே எல்லாருக்கும் பிரஷர் மாத்திரை கொடுத்து, பலனில்லை என்று அந்த மாத்திரையைத் தூக்கி எறிய யாரும் துணிய மாட்டார்கள்.

இன்னொரு பாடமும் இருக்கிறது. செத்த இதயத் தசையை ஸ்டெம் செல்கள் மீட்டெடுக்கும் என்று இருபது வருடம் உலகமே நம்பியது. அந்த நம்பிக்கைக்கு அடிகோலிய ஆய்வகம் ஒன்றின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று 2018-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தரப்பே அறிவித்தது. ஆனாலும் எலிகளில் ஸ்டெம் செல் ஊசி ஓரளவு பலன் தந்தது எப்படி? 2020-இல் சின்சினாட்டி ஆய்வாளர்கள் விடை கண்டார்கள். உயிருள்ள ஸ்டெம் செல்லைச் செலுத்தினாலும், உறைய வைத்துக் கொன்ற செல்லைச் செலுத்தினாலும், வெறும் ஈஸ்ட் சுவர்ப் பொருளைச் செலுத்தினாலும் ஒரே அளவு முன்னேற்றம் வந்தது. பலனைக் கொடுத்தது செல்லில்லை. ஊசி விழுந்த இடத்துக்கு ஓடிவந்த பெருவிழுங்கிகள். அவற்றைத் தடுத்தபோது பலனும் போய்விட்டது. தசையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த கண்களுக்கு இருபது வருடமாக நோய் எதிர்ப்பு மண்டலம் தெரியாமல் போனது.

நம் ஊரில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. எதிர்ப்புச் சக்தி கூடக்கூட நல்லது என்று பொடி, லேகியம், கஷாயம் விற்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு இந்த வியாபாரம் வீட்டு வாசல் வரை வந்துவிட்டது. மாரடைப்பு வந்தவர் இதைக் கேட்டு ஏமாறக் கூடாது. அவர் இதயத்தில் நடக்கும் கேட்டில் பெரும் பகுதி, எழுந்த சக்தி உரிய நேரத்தில் அடங்காமல் போனதால் வருவது. அதை ஒரு பொடியால் கூட்ட முடிந்தால் அது ஆபத்து. முடியாவிட்டால் காசு நட்டம். கொல்ச்சிசின் இருக்கிறதே என்று யாரும் கண்வலிக்கிழங்கை அரைத்துக் குடித்துவிடவும் வேண்டாம். மருந்து அளவுக்கும் நஞ்சு அளவுக்கும் இடையே அங்கே மிகச் சிறிய தூரம்தான், உயிர் போயிருக்கிறது.

இவ்வளவு சான்று இருந்தும் பைப் கருத்து ஏன் அசையாமல் நிற்கிறது? அது கண்ணுக்குத் தெரிகிறது. ஆஞ்சியோ திரையில் அடைத்த இடமும் திறந்த இடமும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். குடும்பத்தாரைக் கூப்பிட்டுக் காட்டலாம். தழும்பு மெலிவதை யாரும் திரையில் காட்டுவதில்லை, அது வாரக்கணக்கில் நடக்கிறது. காப்பீடும் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்குத்தான் பணம் தருகிறது. மூன்று மாதம் கழித்து எடுக்கும் எக்கோவுக்கும் வருடக்கணக்கில் வாங்கும் மாத்திரைக்கும் நோயாளியின் சட்டைப்பைதான். மருத்துவமனையின் பெருமையும் எத்தனை நிமிடத்தில் திறந்தோம் என்பதில் அளக்கப்படுகிறது. எத்தனை பேரின் பம்பிங் ஆறு மாதம் கழித்துத் தேறியது என்று எந்த மருத்துவமனை வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள்? இந்த ஏற்பாட்டில் நோயாளி வீட்டுக்குப் போகும் நாள்தான் மருத்துவம் முடியும் நாளாகிவிடுகிறது. உண்மையில் அந்த நாளில் அவர் காயம் பாதிகூட ஆறியிருக்காது. தழும்பு கெட்டிப்பட ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும்.

அழற்சியை நாள் பார்த்து, ஆள் பார்த்து அடக்கும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இருக்கும் மருந்துகளையே இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் நிறையச் செய்யலாம். மாரடைப்புக்குப் பின் பம்பிங் குறைந்த 2,231 பேரில் கேப்டோப்ரில் மாத்திரை சாவை 19 சதவீதம் குறைத்தது என்று 1992-லேயே நிரூபித்தார்கள். இதயம் விரிந்து உருக்குலைவதை அந்த வகை மாத்திரைகள் தடுக்கின்றன. மண்ணீரலிலிருந்து மோனோசைட்டுகள் கிளம்புவதையும் அவை அடக்குவதாக எலிகளில் 2010-இல் தெரிந்தது. “இப்ப நல்லாத்தானே இருக்கேன்” என்று இவற்றை நிறுத்துகிறவர்கள் ஆறிக்கொண்டிருக்கும் புண்ணைக் கிளறுகிறார்கள். 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், பெரும்பாலும் மாரடைப்போடு வந்து சேர்ந்த 2,571 பேரில் ஒரு பாதிக்கு மருத்துவமனையிலேயே ஃப்ளூ தடுப்பூசி போட்டார்கள். ஓராண்டில் இறந்தவர்கள் தடுப்பூசி போட்டவர்களில் 2.9 சதவீதம், போடாதவர்களில் 4.9 சதவீதம். சில ஆயிரம் ரூபாய்கூட ஆகாத ஒரு ஊசி. நம் மருத்துவமனைகளில் எத்தனை மாரடைப்பு நோயாளிகளுக்கு இதைப் போட்டு அனுப்புகிறார்கள்? இதற்கு நேர்மாறாக, மூட்டு வலிக்கு மெடிக்கல் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் மாரடைப்பு வந்தவர்களுக்குக் கேடு செய்கின்றன. மாரடைப்பு கண்டவர்களில் சில நாட்கள் எடுத்துக்கொண்டதுகூடச் சாவு அபாயத்தைக் கூட்டியதாக டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகளை அலசி 2011-இல் எழுதினார்கள்.

ஆகவே அரசையும் மருத்துவமனைகளையும் கேட்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கு முதல் தவணை மாத்திரை கொடுக்கும் திட்டத்தை 2023-இல் தமிழ்நாடு தொடங்கியிருக்கிறது. அந்த அக்கறை முதல் மணி நேரத்தோடு நின்றுவிடக் கூடாது. டிஸ்சார்ஜ் சீட்டில் அடுத்த எக்கோவுக்கான தேதி எழுதப்பட வேண்டும். அந்த எக்கோவும் மாத்திரைகளும் தடுப்பூசியும் காப்பீட்டுக்குள் வர வேண்டும்.

வாசகரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது ஸ்டென்ட் வைத்திருந்தால், அடைப்பு எடுத்தாயிற்று என்ற சொல்லோடு ஓய்ந்துவிடாதீர்கள். பம்பிங் எத்தனை, மறு எக்கோ எப்போது, எந்த மாத்திரையை எவ்வளவு காலம், தடுப்பூசி உண்டா, வலிக்கு எதை எடுக்கலாம் என்ற ஐந்து கேள்விகளை மருத்துவரிடம் கேளுங்கள். எடை திடீரென்று ஏறினாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். தமனியைத் திறந்தது ஒரு மணி நேரத்து வேலை. இதயக் காயத்தை ஆற்றுவது மாதக்கணக்கில் செய்ய வேண்டிய மருத்துவம். அதைச் செய்யாத மருத்துவமனை பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது.